பின்கதவில் மூன்று கோடுகள்

கோடுகள் மூன்று. கறுப்பு. மாமனாரின் புது வெள்ளைக் காரில், பின்கதவின் நடுவில்.

ஜெயபிரியா தன் ஸ்கூட்டியைப் பார்த்தாள். காரை ஒட்டி அது ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. கைப்பிடியில் கறுப்பு ரப்பர். சாணால் அளந்தாள். கோடுகள் தரையிலிருந்து ஐந்து சாண். கைப்பிடியும் ஐந்து சாண்.

நேற்று மாலை சாரலுக்குப் பயந்து அவசரமாக ஸ்கூட்டியைக் கார் கொட்டகைக்குள் தள்ளினாள். இடித்ததாக நினைவில்லை. ஆனால் அளவு பொய் சொல்லாது. அவள் வேதியியல் படித்தவள்.

கார் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வந்த அன்றே மாமனார் பாண்டித்துரை, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், இரண்டு சட்டம் போட்டார். பூசணிக்காயோடு வந்த மாமியாரிடம், "திருஷ்டி கிருஷ்டின்னு எவளாவது என் வண்டிப் பக்கம் வந்தீங்க, நடக்கதே வேற. இது போலீஸ்காரன் வீடு" என்றார். மருமகளிடம், "இதுல ஒரு கோடு விழட்டும், அன்னைக்கே உன் ஸ்கூட்டிய வித்துருவேன்" என்றார்.

ஸ்கூட்டி போனால் செங்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையும் போகும். மருமகள் பஸ்ஸில் தொங்கக் கூடாது என்பது அவருடைய பழைய சட்டம்.

இன்று ஞாயிறு. அவர் நண்பரோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். எட்டு மணிக்கு வந்துவிடுவார். மணி ஏழு.

"ஏங்க, கொஞ்சம் இங்கன வாங்க."

அவள் கணவன் விஜய்பாண்டி பல் துலக்கிக்கொண்டே வந்தான். கோடுகளைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டான்.

"ஏட்டி, தொலைஞ்சோம்."

"இடிச்சது நாந்தான? நீங்க எதுக்குப் பயப்படுதீங்க?"

"அப்பா விசாரிச்சா செய்யாதவனும் ஒத்துக்கிடுவான். அஞ்சாங் கிளாஸ்ல, அடுத்த வீட்டுக் கண்ணாடிய உடைச்சது நாந்தான்னு ஒத்துக்கிட்டேன். அன்னைக்குப் பூரா நான் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன்."

ஈரத் துணியால் துடைத்தாள். கோடுகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

"ரப்பர் பெட்ரோல்ல கரையும்" என்றாள்.

"நிச்சயமா?"

"படிச்சிருக்கேன்."

குச்சியில் துணியைச் சுற்றி ஸ்கூட்டியின் டேங்குக்குள் விட்டு நனைத்தாள். தேய்த்தாள். ரப்பர் கரைந்தது. கரைந்து பரவியது. மூன்று கோடுகள் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு மேகம் வந்தது.

"கோடே தேவலட்டி! இப்ப என்னமோ காருக்கு அம்மை போட்ட மாதிரில்லா இருக்கு?"

"சத்தம் போடாதீங்க. அத்தை எந்திரிச்சிருவாங்க."

விஜய்பாண்டி பின்கட்டுக்கு ஓடினான். வீட்டு வேலை செய்யும் ஆவுடைத்தாய் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பச்சை நாரைப் பிடுங்கினான்.

"எதுக்குய்யா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. நீங்க உங்க வேலையப் பாருங்க."

நாரில் பற்பசையைப் பிதுக்கித் தேய்த்தான். பயத்தில் அவனுக்கு நல்ல பலம் வந்திருந்தது. கறுப்பு போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது. பின்கதவின் நடுவில், ஒரு தோசை அளவுக்கு, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் மங்கலாக இருந்தது.

"நார வச்சு எதுக்குத் தேச்சீங்க? அது பெயிண்ட அறுக்கும்லா?"

"முதல்லயே சொல்லதுக்கு என்ன? நீதான படிச்சவ!"

மணி ஏழே முக்கால்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அந்த இடம் மின்னியது. ஒரு நிமிடம் அவளுக்கு மூச்சு வந்தது. அப்போது காற்று திரும்பிச் சாரல் கொட்டகைக்குள் அடித்தது. கார் முழுவதும் சமமாக நனைந்தது. தோசை மட்டும் தனியாக, முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும். பெட்ரோல் வாடை வேறு.

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"நான் குளிக்கப் போறேன்" என்றான் விஜய்பாண்டி. ஆனால் கால் நகரவில்லை.

பாண்டித்துரை தோளில் ஈரத் துண்டோடு வந்தார். வீட்டுக்குள் போகவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவுக்குத்தான் போனார்.

செங்கோட்டைக் கூடத்தின் வெள்ளைக் கோட்டும், முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டியும் ஒருமுறை ஜெயபிரியாவின் கண்ணுக்குள் வந்து போயின. ஸ்கூட்டியின் சாவியை எடுத்து அவரை நோக்கி நீட்டினாள்.

"மாமா, வந்து... தெரியாம..."

அவர் சாவியைப் பார்க்கவில்லை. குனிந்து கதவைத் தடவினார். நிமிர்ந்தபோது அந்த மீசைக்குக் கீழே உதடு நடுங்கியது. முப்பது வருடம் காக்கி போட்ட மனிதரின் முகம் வெளுத்திருந்தது.

"எங்க?" என்றார்.

"எது மாமா?"

"ஆவுடை!" என்று கூப்பிட்டார். குரல் பாதியில் உடைந்தது.

ஆவுடைத்தாய் ஈரக் கையோடு வந்தாள். கதவைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ இன்ஸ்பெக்டரய்யா, வீட்டுல யாருக்கும் தெரியாமத் திருஷ்டிக்குத் தேச்சு விடுன்னு நீங்க சொன்னபடி, விடிகாலையில பழைய ரப்பர் செருப்ப வச்சு மூணு இழுப்பு அழுத்தித்தான இழுத்தேன், ஊர்க்கண்ணு அந்தக் கோட்டையும் தின்னுட்டு, பெயிண்டையும்லா நக்கிட்டுப் போயிருக்கு!"