ஏழாம் கட்டம்: வீடற்றுப்போன காரணம்

உலகத்தின் உடம்பை மூடிய திருப்பூர், இனி அதன் உள்ளத்தையும் மூடிக் காக்கும். மேடையில் இதை முழங்கியவர் எங்கள் முதலாளி தரணீதரன். எழுதிக் கொடுத்தவன் நான். அவருடைய பனியன் கம்பெனியில் பணியாளர் மேலாளர். அவர் தொடங்கிய "தெருவோர மனநல இயக்க"த்தின் கௌரவச் செயலாளரும் நானே.

ஆறு கூட்டங்கள் கூடி, தொண்டர்களின் டீ-ஷர்ட் நிறத்தை ஒருமனதாக முடிவு செய்தோம். ஏழாவது கூட்டத்தில், வீடற்றவர்களையும் சந்திப்பது என்று தீர்மானமாயிற்று.

முதல் "பயனாளி" பாலத்தடியில் கிடைத்தார். பெண், நாற்பது வயதிருக்கும். கையில் துணியில்லை, கத்தரியில்லை. ஆனாலும் விரல்கள் விடாமல் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தன.

"பேனரத் தூக்கிப் புடிங்க. அம்மிணி, கொஞ்சம் சோகமாப் பாருங்க" என்றார் முதலாளி.

எங்கள் ஆலோசகர் ரிஃபானா கேமராவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒழுங்கீனம்தான். குறித்துக்கொண்டேன்.

"அக்கா, தூங்கி எத்தன நாளாச்சு?"

"மிஷின் நின்னாத்தானம்மா தூங்க? காதுக்குள்ள ஓடிக்கிட்டே கெடக்கு."

பெயர் செல்லத்தாய், ஊர் சங்கரன்கோவில் பக்கம் என்றார். படிவத்தின் ஏழாம் கட்டம்: வீடற்றுப்போன காரணம். கேட்டேன். அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"மேனேஜர் சார்... தனியாப் பேசுதேன்னு நீங்கதான சார் வேலய விட்டு நிறுத்துனிய? வேல இல்லன்னா ஹாஸ்டலும் இல்லன்னு அன்னைக்கே பொட்டியத் தூக்கி வெளிய வச்சிட்டாவ."

முதலாளி என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க, அந்தக் கட்டத்த நெரப்பியே ஆகோணுங்களா?"

"விதின்னு எழுதிடலாமுங்க."

எழுதினேன். பொய்யில்லை, கம்பெனி விதிதான்.

ரிஃபானா யாரிடமும் கேட்கவில்லை. செல்லத்தாயை ஆட்டோவில் ஏற்றி, பேனர்கூட இல்லாமல், அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் போன் வந்தது.

"சார், அக்கா தூங்கிட்டாங்க சார். ஆறு மணி நேரம்!" சொல்லும்போதே ரிஃபானா அழுதார்.

அனுமதியின்றிக் களத்தை விட்டு நீங்கியதற்கு மெமோ அனுப்பினேன்.

தொண்டு அமைப்புகளின் ஆண்டு விழாவில் எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். குன்னத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு செயலாளர் ஏக்கத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்களும் இயக்கம் ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சுங்க. ஒரு பயனாளிகூடச் சிக்கமாட்டேங்கறாங்க."

பரிதாபமாக இருந்தது. எங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. பஞ்சு வெளியூரிலிருந்து வரலாம், சாயம் வெளிநாட்டிலிருந்து வரலாம். பயனாளிகளை மட்டும் நாங்கள் சொந்தமாகவே தயாரிக்கிறோம்.