இரண்டாவது மாடிக் குப்பையும் பன்னிரண்டு வாரப் படிப்பும்

அன்றும் அது இருந்தது. இரண்டாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு இடப்பக்கம், கழுத்தை இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புப் பை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தனசிங், இடுப்பில் கைவைத்து அதன் எதிரே நின்றார். மாடம்பாக்கத்தில் இருபத்துநாலு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தில், கீழே மூன்று நிறத்தில் குப்பைத் தொட்டிகள் இருந்தும், தொடர்ந்து ஒன்பதாவது நாளாக இது நடக்கிறது.

"எடுத்துடட்டா சார்?" துடைப்பத்தோடு வந்தாள் கங்கம்மா. கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவள் அவள்தான்.

"தொடாதே. இது குப்பை இல்ல கங்கம்மா. இது மனித நடத்தை."

"இன்னாவோ சார். நாத்தம் அடிக்கிது."

வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, தனசிங் ஆன்லைனில் பன்னிரண்டு வாரம் சமூக உளவியல் படித்திருந்தார். சான்றிதழ் ஹாலில் தொங்குகிறது. சமூகத்தின் எந்தச் சிக்கலுக்கும் மனித மனத்துக்குள் எங்கோ ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் திருகினால் போதும் என்பது படிப்பின் சாரமாக அவருக்குப் புரிந்திருந்தது.

முதலில் திருகியது சொந்தச் சமையலறையை. சர்க்கரை டப்பா எட்டாத இடத்தில் இருந்தால் உபயோகம் குறையும் என்று பரணில் வைத்தார். மனைவி ஜான்சி ஸ்டூல் போட்டு ஏறினாள். இறங்கும்போது கணுக்கால் பிசகி மூன்று வாரம் படுத்தாள். அந்த மூன்று வாரத்தில் மிச்ச டப்பாக்களையும் அவர் இடம் மாற்றினார். அவள் எழுந்து நடந்த முதல் ஞாயிறே சங்கத் தேர்தல் வந்தது. யாரும் சீண்டாத செயலாளர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தவள் ஜான்சிதான்.

இப்போது அவர் கையுறை மாட்டி, பையைப் பிரித்து, செய்தித்தாளில் கொட்டி ஆராய்ந்தார். சுரைக்காய்த் தோல், டீத்தூள், காய்ந்த கறிவேப்பிலை.

மதியம் சாப்பாட்டில் முடிவை அறிவித்தார். "ஜான்சி, ஆள் யாருன்னு தெரியல. ஆனா குடும்பத்தைப் புடிச்சிட்டேன். வீட்டுக்காரர் வேலைவெட்டி இல்லாத ஆளு. வீட்டுல அவர் பேச்சுக்கு மதிப்பே கிடையாது. அந்தம்மா பொறுமைசாலி. ஆனா அமுக்கம்."

"குப்பையை வச்சே இவ்ளோ சொல்றீங்களே!" ஜான்சி நிஜமாகவே வியந்து, இன்னொரு கரண்டி கூட்டு போட்டாள்.

மாலையில் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஏறியது. 'நம் அடுக்ககத்தில் பத்தில் ஏழு பேர் குப்பையைக் கண்ட இடத்தில் வைக்கிறார்கள். வெட்கம்!'

மறுநாள் காலை ஆறு பைகள்.

ஏழாவதோடு வந்த அதே மாடி அருண்ராஜைக் கையும் பையுமாகப் பிடித்தார். மேடவாக்கம் சிக்னலைத் தாண்டி ஆபீஸ் போக வேண்டிய அவசரத்தில் இருந்தான் அவன்.

"நீங்களுமா அருண்ராஜ்? படிச்ச புள்ள!"

"சார், இத்தனை நாள் கீழ வரைக்கும் எடுத்துட்டுப் போயிட்டிருந்தேன். ஏழு பேர் இங்கதான் வைக்கிறாங்கன்னு உங்க நோட்டீஸ் பார்த்துதான் தெரிஞ்சுது. நான் மட்டும் என்ன கேனையனா சார்?"

தப்புச் செய்பவர்களின் எண்ணிக்கையை விளம்பரம் செய்யாதே என்று ஐந்தாவது வாரப் பாடம் எச்சரித்திருந்தது. அந்த வாரம் அவருக்கு ஜுரம்.

அடுத்தது கண்கள். யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் மனிதன் ஒழுங்காகிவிடுவான். இரண்டடி அகலத்தில் இரண்டு கண்களைப் பிரிண்ட் எடுத்து, லிஃப்டுக்கு நேர் எதிரே ஒட்டினார்.

காலை ஏழு மணிக்கு மூன்றாவது மாடி சுந்தரவல்லி டீச்சர் காலிங்பெல்லை விடாமல் அழுத்தினார்.

"என்ன சார் இது? லிஃப்ட் நடுவுல ரெண்டாவது மாடில நின்னு கதவு திறந்ததும் மூஞ்சிக்கு நேரா கண்ணு! பால் பாக்கெட்டைக் கீழ போட்டுட்டேன். யார் கண்ணு சார் அது?"

"பொதுவான கண்ணு டீச்சர்."

"உங்க கண்ணு மாதிரியே முழிக்குது."

கண்களுக்குப் பயந்து பைகள் இடம்பெயர்ந்தன. முதல் மாடி, மூன்றாவது மாடி, மொட்டைமாடிப் படி எல்லாம் நிறைந்தன. அந்தக் கறுப்புப் பை மட்டும் அசரவில்லை. கண்களுக்கு நேர் கீழே, அதே இடப்பக்கம், அதே முடிச்சோடு உட்கார்ந்திருந்தது.

"இது ஒரு ஆழமான மனசு கங்கம்மா," என்றார் தனசிங்.

"ஆமா சார்," என்றாள் கங்கம்மா.

மூன்றாவது மருந்து, பாராட்டு. வாசலில் குப்பை இல்லாத வீட்டுக் கதவில் தங்க நட்சத்திரம். முதல் நாளே பதினைந்து வீடுகள் மின்னின. மிச்ச ஒன்பது வீட்டுக்காரர்களும் தங்கள் பையை நட்சத்திர வீட்டு வாசல்களில் கொண்டுபோய் வைத்தார்கள். சுந்தரவல்லி டீச்சரின் நட்சத்திரம் காலையில் வந்தது, பதினொரு மணிக்குப் பிடுங்கப்பட்டது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு ஸ்டார் போட்ட கை அது. வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலத்துக்குள் இருநூறு செய்திகள். நாலு பேர் குழுவை விட்டு வெளியேறி, சண்டை என்ன ஆச்சு என்று பார்க்கத் திரும்பி வந்தார்கள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க," என்று மெதுவாக ஆரம்பித்தான் அருண்ராஜ். "நீங்க சரிபண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு பைதான் சார் இருந்துச்சு."

அது எங்கோ தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சான்றிதழின் கீழே உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. அன்னிக்குக் காலையில கட்டடத்துல ஒரு பை இருந்தாலும், ராஜினாமா பண்ணிட்டு வீட்டோட இருந்துடப் போறேன் ஜான்சி."

ஜான்சி ஊற்றிக்கொண்டிருந்த காபி, டம்ளர் நிரம்பி மேடையில் ஓடியது.

"வீட்டோடன்னா?"

"வீட்டோடதான். கிச்சன்லயே நிறைய வேலை பாக்கி இருக்கு. அரிசி டப்பா கண்ணுல படறதாலதான் நாம ஜாஸ்தி சாப்பிடறோம். அதைப் பெட்ரூமுக்கு மாத்தணும்."

அன்று மாலை ஜான்சி ஒரு தட்டு நிறைய கேக் துண்டுகளோடு கிளம்பினாள். இருபத்துமூன்று வீட்டிலும் அதிகம் பேசவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பை இருந்தாலும் அவர் ராஜினாமா பண்ணப் போறார். அடுத்த செயலாளர் யாருன்னு யோசிச்சு வைங்க" என்று மட்டும் சொன்னாள். தண்ணி லாரிக்காரனோடு விடியற்காலையில் போனில் கத்துவது, லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவருக்கு வெளியிலிருந்து ஆறுதல் சொல்வது, கழிவுநீர்த் தொட்டிக்கு ஆள் தேடுவது எல்லாம் செயலாளர் வேலை. அருண்ராஜ் கையில் இருந்த கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை, கட்டடத்தில் ஒரு பை இல்லை. ஒரு காகிதம் இல்லை.

பொதுக்குழுவில் தனசிங் நாற்பது நிமிடம் பேசினார். நோட்டீஸ் விதைத்தது, கண்கள் உழுதன, நட்சத்திரம் அறுவடை செய்தது என்றார். விதைத்த பிறகு எதற்கு உழுதது என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். சுந்தரவல்லி டீச்சர் முன்மொழிய, அருண்ராஜ் பாய்ந்து வழிமொழிய, இன்னும் இரண்டு வருஷத்துக்கு அவரே செயலாளர்.

திங்கள், குப்பை இல்லை. செவ்வாய், இல்லை. தனசிங் மாடிமாடியாக ஏறி இறங்கி, சுத்தமான தரையை ஏமாற்றத்தோடு பார்த்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். தோசை மாவுப் பாத்திரத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார். மிளகாய்த்தூளைத் தேடிய ஜான்சி அதைத் துணி பீரோவில் கண்டெடுத்தாள்.

"கண்ணுல படலைன்னா காரம் குறையும்," என்று விளக்கினார். "நாளைக்கு அடுப்பையே கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்க்கலாம்."

வியாழன் காலை, அவர் டேப்பால் அடுப்பு மேடையை அளந்துகொண்டிருந்தபோது வாசலில் கங்கம்மாவின் குரல்.

"சார்! மூணாவது மாடில ஒரு பை கீது சார்! கறுப்புப் பை!"

தனசிங்கின் முகம் மலர்ந்தது. டேப்பைப் போட்டார். கையுறையை எடுத்தார். "சொன்னேன்ல, ஆழமான மனசுன்னு!" என்றபடி லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினார்.

ஜான்சி நிதானமாக மிளகாய்த்தூளைப் பழைய இடத்தில் வைத்தாள். இரண்டு டம்ளரில் காபி ஆற்றி, ஒன்றைச் சமையலறைக் கதவருகே வந்து நின்ற கங்கம்மாவிடம் நீட்டினாள்.

கங்கம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "யக்கா, நாளைக்கும் நம்ம வூட்டுக் குப்பைய மூணாவதுலயே வைக்கட்டா, இல்ல பழையபடி ரெண்டாவது மாடிக்கே போயிடலாமா?"