வலைக்குப் பதில் வங்காளம்

பொழிச்சலூர்,
20.9.2008

அன்புள்ள எட்மண்ட் மாமாவுக்கு,

மருமகன் ஜெபகுமார் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. அரக்கோணத்தில் நீங்களும் அத்தையும் உங்கள் வலது முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமாக இல்லை என்று அம்மா உங்களுக்கு போன் செய்து அழுதிருந்தால், அது அம்மாவின் சொந்தக் கருத்து. 28ஆம் தேதி ஞாயிறு நீங்கள் பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வருவதாகக் கேள்விப்பட்டேன். அவரை அலைய வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

ஜெப மெழுகுவத்திக்கு முன்னால் உட்கார்ந்து நான் "புஸ், புஸ்" என்று ஊதுவது உண்மை. சுடர் ஆடவேண்டும், அணையக்கூடாது என்று பார்ப்பதும் உண்மை. விமானம் வீட்டுக்கு மேல் தாழப் பறந்துபோகும்போது மொட்டை மாடியில் நின்று காட்டுக்கத்தல் கத்துவதும் உண்மை. எனக்குள் எதுவும் புகவில்லை மாமா. நான் வங்காள மெய்யெழுத்து படிக்கிறேன். காரணம், உங்களோடு படித்தவர், உங்கள் சிபாரிசில் எனக்கு வேலை கொடுத்தவர், எங்கள் காண்டிராக்டர் தயாளன் சார்.

கீழ்க்கட்டளையில் நாங்கள் கட்டும் அடுக்கு வீட்டில், லிஃப்ட் வரவேண்டிய குழி மேலிருந்து கீழ்வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தடுப்பு இல்லை, வலை இல்லை. போன மாதம் தனஞ்ஜெய் என்று ஒரு பையன், மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்தவன், என் வயசுதான், பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து நேராக அந்தக் குழியை நோக்கிப் போனான். நான் "டேய் நில்லு, நில்லு, பின்னால குழிடா!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தான். அவன் ஊர்க்காரன் ஒருவன் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை கத்தினான், இன்னொருவன் பாய்ந்து இவன் லுங்கியைப் பிடித்தான். லுங்கி கையோடு வந்துவிட்டது. நல்லவேளையாக அதற்குள் ஆள் பக்கவாட்டில் விழுந்து பிழைத்துக்கொண்டான். நான் அன்று மாலையே தயாளன் சாரிடம் போய், குழியில் ஒரு வலை கட்டவேண்டும் சார் என்றேன்.

"வலை எதுக்குப்பா? நீ சொன்னது அவனுக்குப் புரியல, அதானே பிராப்ளம்? அவன் பாஷையைக் கத்துக்கோ. செலவே கிடையாது பாரு" என்றார். மறுநாள் காலை, தன் பங்குக்கு, வாசலில் ஒரு பெரிய திருஷ்டி பொம்மையும் கட்டித் தொங்கவிட்டார். மீசை, பல், எல்லாம் வைத்து, நல்ல கனமான பொம்மை. அது விழாமல் இருக்க மூன்று இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள்.

ஆகவே படித்தேன். சொல்லிக்கொடுத்தது தனஞ்ஜெய்தான். வாத்தியார் லட்சணம் துளியும் கிடையாது. நான் ஒவ்வொரு எழுத்தைச் சொல்லும்போதும் சிமெண்ட் மூட்டைமேல் உருண்டு சிரிப்பான். நாம் ஒரே ஒரு க வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற இடத்தில் அவர்களுக்கு நான்கு இருக்கிறது. முதல் க நம்முடையது மாதிரி. இரண்டாவதில் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்தால் காற்று அடிக்கவேண்டும். மூன்றாவது தங்கத்தில் வருகிற க. நான்காவதில் அந்தத் தங்கமும் காற்றும் ஒன்றாக வரவேண்டும். ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதை. மெழுகுவத்தி இதற்குத்தான் மாமா: முதல் எழுத்துக்குச் சுடர் சும்மா இருக்கவேண்டும், இரண்டாவதற்கு ஆடவேண்டும். சைட்டில் நான் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மேஸ்திரி சிட்டிபாபு, "இன்னா ஜெபா, கரண்டு கீது, பட்டப்பகல்ல மெயுவத்தியாண்ட குந்திகினு இன்னா பேசினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். இன்னொரு வேடிக்கை, மூன்று விதமான ச எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் மூன்றையும் "ஷொ" என்றே சொல்கிறார்கள். அதைக் கேட்டதும்தான் எனக்கு அவர்கள்மேல் பாசமே வந்தது. நாம் ஒரு எழுத்தை வைத்து நாலு சத்தம் போடுகிறோம், அவர்கள் மூன்று எழுத்தை வைத்து ஒரே சத்தம் போடுகிறார்கள். கணக்கு எங்கேயோ சரியாகிவிடுகிறது.

எல்லாம் ஓரளவு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. த வரிசையில் நான்காவது. அன்று லுங்கியைப் பிடிக்க வைத்த வார்த்தை அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. "பிடி" என்று அர்த்தம். எழுதிக்காட்ட நம்மிடம் எழுத்து இல்லை. த்ஹொரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால் வெறும் தொரோ. தனஞ்ஜெய்யின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது, ஆக ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் நான் ஃபெயில். "அண்ணா, நீ டீ கேக்குற மாதிரி சொல்ற. இங்க இருந்து வரணும்" என்று தன் பாஷையிலேயே சொல்லி என் வயிற்றில் குத்துவான். பதிலுக்கு நான் அவனைப் பொழிச்சலூர் சொல்லச் சொல்வேன். பொரிச்சாலூர் என்பான், ஏதோ சாப்பிடுகிற ஐட்டம் மாதிரி. வீட்டில் சத்தம் போட்டால் தங்கச்சி கிறிஸ்டினா பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்கிறாள், அதனால்தான் விமான நேரம். அந்தச் சத்தத்தில் யார் கத்தினாலும் ஊரில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். அம்மா கொடியில் துணி எடுக்க மேலே வருவாள் என்று நினைக்கவில்லை.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். சைட்டில் அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை மாமா. "ஏ பெங்காலி, இங்க வா", "அந்தக் குள்ள பெங்காலியை அனுப்பு", அவ்வளவுதான். நாளைக்கு ஒருத்தன் குழியில் விழுந்து செத்தால் பேப்பரில் 'வடமாநிலத் தொழிலாளி பலி' என்று ஓரத்தில் நாலு வரி வரும், அதிலும் பெயர் இருக்காது. மேலே வீடு வாங்கப் போகிறவர்கள் டைல்ஸ் கலரைப் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போடுகிறார்கள். குழியைச் சுற்றித்தான் நடந்துபோகிறார்கள், தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒருத்தர்கூட இங்கே வேலை செய்கிறவன் விழமாட்டானா என்று கேட்கவில்லை. வாயில் வராத எழுத்தைக் கற்றுக்கொண்டு நான் என்ன கிழித்துவிடப் போகிறேன் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. வலை இல்லாத இடத்தில் எவ்வளவு சுத்தமாக உச்சரித்தாலும் விழுகிறவன் விழத்தான் செய்வான்.

ஆனால் புதன்கிழமை ஒன்று நடந்தது. அன்று மேல்தளம் கான்கிரீட். தயாளன் சார் ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லிவைத்திருந்தார். காலையில் வந்து பார்த்தால் கரணை, மண்வெட்டி, பாண்டுச் சட்டி, வைப்ரேட்டர் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, பூப்போட்டு, ஒரு விஸ்வகர்மா படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் ஊரில் அன்றுதான் ஆயுதபூஜை, நம்முடையதுக்கு முன்னாலேயே வந்துவிடுமாம். அன்று ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். தயாளன் சார் "எடுங்கடா!" என்று கத்திக்கொண்டே வந்தவர், குங்குமத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் ஆயுதபூஜைக்கு அடுத்த நாள் எலுமிச்சம்பழம் நசுக்காமல் காரைக்கூட எடுக்காதவர், உங்களுக்கே தெரியும். பூஜையில் வைத்த கரணையை எடு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வாசலில் லாரி கொடகொடவென்று சுற்றிக்கொண்டு நிற்கிறது.

"ஜெபா, என்னதான் சொல்றான்னு கேளுப்பா."

கேட்டேன். தனஞ்ஜெய், இன்று லீவு, நாளைக்கு வருகிறோம் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் தயாளன் சாரிடம் திரும்பி, "சார், எல்லா ஆயுதமும் வெச்சுட்டாங்களாம், வலை மட்டும் வைக்கலையாம். உயரத்துல வேலை செய்யறவன் வலை இல்லாம பூஜை பண்ணா குறையாம். குறை வெச்ச பூஜையில தொட்ட கட்டடம் நிக்காதாம். சாயங்காலத்துக்குள்ள வலை கட்டிட்டா நாளைக்குக் காலையிலயே கான்கிரீட் போட்டுடறாங்களாம்" என்றேன்.

"அவன் ரெண்டு வார்த்தைதானே சொன்னான்?"

"வங்காளம் ரொம்பச் சுருக்கமான பாஷை சார்."

பொய்தான் மாமா. கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். விஸ்வகர்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, தனஞ்ஜெய் மூலமாகச் சொல்லி அனுப்பவேண்டும். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் வலை வந்தது. தயாளன் சார் தயாளன் சார்தான்: கோவளத்தில் யாரிடமோ கழித்துப் போட்ட பெரிய மீன்வலையை வாங்கி வந்து, மூன்றாக மடித்து முதல் மாடி மட்டத்தில் குழிக்குக் குறுக்கே கட்டச் சொன்னார். சிட்டிபாபு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், லிப்டுல வஞ்சிரம் வருமா?" என்றார். பெங்காலிப் பையன்களுக்கு அந்த வாசனையில் ஒரே சந்தோஷம். பூனைகள் வருகின்றன. ஆனால் வலை இருக்கிறது.

எனவே கவலைப்பட ஒன்றுமில்லை. வேலை பத்திரமான வேலை. நானும் குழிப்பக்கம் போவதில்லை, போகமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். நீங்களும் அவளுக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள். அத்தைக்கு என் அன்பு, முழங்காலுக்கு என் ஜெபம், பாஸ்டருக்கு என் வணக்கமும் வரவேண்டாம் என்ற வேண்டுகோளும்.

தங்கள் அன்பு மருமகன்,
ஜெபகுமார்

பி.கு.: மேலே உள்ளதைச் சனிக்கிழமை காலையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இதைத் திங்கட்கிழமை இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். வலைக்கயிறு தொய்ந்திருக்கிறதா என்று இரண்டாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தொய்ந்துதான் இருந்தது, நான் விழுந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது. மணிக்கட்டு சுளுக்கு, வேறு ஒன்றுமில்லை. உடம்பில் மீன் வாசனை மட்டும் மூன்று குளியலுக்கும் போகவில்லை. தெருப்பூனை ஒன்று வீடுவரை கூடவே வந்துவிட்டதால் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சத்தியம் பற்றி நான் எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பாஸ்டர் வரட்டும், அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். விழும்போது நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. மேலே எட்டிப் பார்த்த தனஞ்ஜெய், நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்காமல் கை தட்டினான். "அண்ணா! அதுதான்! அதுதான் எழுத்து! இன்னொரு தடவ சொல்லு!" வலையில் மல்லாந்தபடியே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

ஜெ.