பெயரைச் சரியாக எழுதவும்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் அலைந்தேன். ஜாவாஸ்கிரிப்டை உலாவியில் மட்டுமல்ல, சர்வரிலும் ஓட்டலாம்! (என் கண்டுபிடிப்பு இல்லை, ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது.) ஒரே கோடு, அதாவது ஒரே நிரல், இரண்டு பக்கமும் ஓடும். மஸ்கெலியா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாவுக்கும் விளக்கினேன். பாவம், அவர் எழுந்து நின்றுகொண்டே வந்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த எங்கள் முதலாளிக்கு, சிவனொளிபாதமலை யாத்திரிகர் தங்கும் விடுதி ஒன்றும் இருந்தது. இணையத்தில் அறை பதிவு செய்ய ஒரு பக்கம் கேட்டார்.

“சனிக்கெழம காட்டும்மா. ஓடுனா வேல நிரந்தரம். ஓடலன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்.”

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஓடாவிட்டால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

படிவத்தில் பெயர் காலியாக இருந்தால் ‘பெயரைச் சரியாக எழுதவும்’ என்று ஒரு பெட்டி திறக்க வேண்டும். உலாவிக்கு அது கைவந்த வேலை. சர்வருக்கோ பெட்டி என்றால் என்னவென்றே தெரியாது. விடுவேனா? சர்வரும் தன் திரையில் பெட்டி திறக்கும்படி குறுக்குவழி ஒன்று எழுதினேன். ஒரு வாரம் ஒரே கம்ப்யூட்டரையே சர்வராகவும் உலாவியாகவும் வைத்துச் சோதித்தேன். பெட்டி கண் முன்னால் டாண் என்று வந்தது. எந்தப் பக்கத்துப் பெட்டி என்று யோசிக்கிற புத்தி அன்று எனக்கு இல்லை.

சனிக்கிழமை, என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க அப்பாவும் வந்துவிட்டார். முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். சர்வரைப் பின்னறையில் வைத்து, அவரைக் காவலுக்கு உட்கார வைத்தேன்.

“யாரையும் தொட விடாதீங்கப்பா. நீங்களும் தொடாதீங்க.”

“நீ போ புள்ள. நான் பாத்துக்கிறேன்.”

முன்னறையில் முதலாளி. நான் சும்மா காட்டியிருக்கலாம். “உலாவியில ஜாவாஸ்கிரிப்ட அணைச்சிட்டா கூட, அதே கோடு சர்வர்ல பாத்துக்கும் முதலாளி” என்று பீற்றிக்கொண்டு அணைத்தேன். பெயரை எழுதாமல் அனுப்பினேன்.

திரை வெள்ளையாக நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். முதலாளி பிளேன்டீ குடித்து முடித்தார்.

“என்னம்மா, ஒண்ணும் காணோம்?”

“சர்வர் யோசிக்குது முதலாளி.” (வேறு என்ன சொல்ல?)

பின்னறைக்கு ஓடினேன். பெட்டி அங்கே, சர்வரின் திரையில் ஜம்மென்று நின்றது: ‘பெயரைச் சரியாக எழுதவும்’. அதில் ஓகே அமுக்கினால்தான் முன்னறைக்குப் பதில் போகும். அப்பா எதையும் தொடவில்லை. ஒரு காகிதத்தில் தன் பெயரை, தோட்டம், டிவிஷன் எல்லாம் சேர்த்து எழுதித் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூணு தடவ எழுதிட்டேன் புள்ள. ஒவ்வொரு தடவையும் இன்னும் அழகாத்தான் எழுதுறேன். அது ஏத்துக்க மாட்டேங்குதே.”

பின்னாலேயே வந்த முதலாளி காகிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நேரம் நான் காத்துக்கிட்டு இருந்தது ஒங்கப்பாவுக்கா?”

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை நிரந்தரமாகவில்லை, ஆனால் போகவுமில்லை. மூன்று மாதத் தவணை கிடைத்தது. சரிபார்க்கும் கோடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கலாம், தப்பைச் சொல்லும் வாய் அந்தந்தப் பக்கத்துக்குத் தனியாக வேண்டும் என்று அன்று புரிந்தது. பிரித்து எழுதினேன், ஓடியது, நிரந்தரமும் ஆனேன்.

அதோடு என்னை விட்டார்களா? எங்கள் வீட்டில் யார் எங்கே கையெழுத்துப் போட்டாலும் “இன்னும் அழகா எழுதுங்க” என்று ஒரு குரல் வரும். என் கல்யாணப் பதிவன்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட அப்பா, பேனாவைக் கீழே வைக்காமல் பதிவாளரைப் பார்த்து மிகப் பணிவாகக் கேட்டார்:

“ஏத்துக்கிச்சுங்களா?”