ஐரோப்பிய அரசைக் கவிழ்க்கப் பார்த்த அரை ஏக்கர்

அதிகாரி மாதிரி யாராவது எதிரே நின்று கேள்வி கேட்டால் எனக்கு மூளை நின்றுவிடும். வாய் மட்டும் ஓடும். ஐரோப்பாவின் அரசாங்கமே ஒருமுறை இதனால் கவிழப் பார்த்தது.

2004. அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், காதர் பாய் கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவது. அதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் தட்டு கழுவினேன். தூக்கம் சரக்கு அறையில், வெங்காய மூட்டைகளோடு. விசா முடியப் போகிறது. நீட்டித்துத் தருவதாக பாய் சொல்லியிருந்தார். அவர் மனம் கோணினால் விமானம்தான்.

அவர் மகள் சமீராவின் பள்ளியில், புதிய ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பாவுக்கு அரசாங்கம் மாதிரி) அமைவதை நடித்துக் காட்டினார்கள். சமீரா ஆணையத்தின் தலைவர். பெரியவர்கள் நாட்டுக்கு ஒருவராக ஆணையர் வேட்பாளர்கள், மாணவர்கள்தான் நாடாளுமன்றம். ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டு மொத்த அணிக்கும் ஒரே ஓட்டு. ஒருவர் சொதப்பினால் அத்தனை பேரும் காலி.

“அங்கிள், நீங்க பிரஸ்ஸல்ஸ்ல இருந்தவர்தானே? யூ ஆர் பெல்ஜியம்.”

(இருந்தேன் தாயி, கழுவுற தொட்டிகிட்ட.)

பாய் தன் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். “எம்பொண்ணு மானம் உன் கையில இருக்குடா.”

உள்ளே போனால் கதவோரம் இடுப்பில் துப்பாக்கியோடு பள்ளிக் காவலர். அது பள்ளிக்கூடமாகவே தெரியவில்லை. சென்னையில் விசாவுக்கு நின்ற கவுண்ட்டராகத் தெரிந்தது. அன்று ஏஜெண்ட் மனப்பாடம் செய்யவைத்த பதில்கள் தானாகக் கிளம்பின.

“எதற்காக இந்தப் பதவி?” நாடாளுமன்ற வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்.

“தற்காலிகமாகத்தான் சார். ஆறே மாதம். திரும்பிப் போய்விடுவேன்.”

“பதவிக்காலம் ஐந்து வருடமாச்சே?”

“சத்தியமாகத் தங்க மாட்டேன் சார்!”

“உங்கள் நாட்டின் நலனா, ஐரோப்பாவின் நலனா?”

காவலர் இருமினார்.

“என் நாடுதான்! அம்மா இருக்கிறார். அரை ஏக்கர் நிலம் இருக்கிறது!” (விட்டிருந்தால் பட்டா நம்பரும் சொல்லியிருப்பேன்.)

ஆணையர் சொந்த நாட்டின் பக்கம் சாயக்கூடாது என்பதுதான் முக்கியமான விதியாம்.

“அங்கிள், மை ஹோல் கவர்ன்மென்ட் போச்சு!” சமீராவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்டெடுப்புக்கு முன் என்னை வாபஸ் வாங்கி, பாயோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த தன் அம்மாவை பெல்ஜியமாக்கினாள். அதே கேள்விக்கு அவர், “எல்லாரும் நல்லா இருந்தாத்தானே நாமளும் நல்லா இருப்போம்?” என்றார். அணி தப்பியது.

காரில் பாய் பக்கத்தில் உட்கார்ந்து நான் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் வண்டி நின்றது.

“ஆறு மாசத்துல போயிடுவியோ?”

“இல்ல பாய்...”

“அப்ப கோட்டைக் கழட்டு. பரோட்டாவுக்கு ஆள் நிக்குது.”

அந்த வீட்டில் இன்றும் என் பெயர் பெல்ஜியம். பல வருடம் கழித்து, குடியுரிமை நேர்காணலுக்குக் கிளம்பிய காலையில் சமீரா போன் செய்தாள்.

“அங்கிள், ஆல் தி பெஸ்ட். ப்ளீஸ், அந்த அரை ஏக்கரைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க.”