கலப்பட மழை

டிரம்காரருடைய டிரம்மில் போர்த் தண்ணீரை நிரப்பி, அது மழைத் தண்ணீர் என்று அவரை நம்பவிட்டவன் நான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் பெய்யும் மழைக்கெல்லாம் தானே சொந்தக்காரர் என்று நடந்துகொண்ட ஒரே மனிதர் அவர்.

தொண்ணூறுகளில், ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பின்னால் அவருக்குக் கத்திரித் தோட்டம். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அதில் கலந்தால் பூச்சிமருந்து வேலை செய்யாது என்பது அவர் கட்சி. அதனால் மேகம் கறுத்தால் போதும், தெருவின் மொட்டைமாடிக் குழாய்களுக்கடியில் எல்லாம் அவருடைய நீல டிரம்கள் வந்து உட்காரும். ஒருமுறை என் குடையைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் வூட்டாண்ட வந்துட்டீங்களே சார்!"

சேர்ந்த தண்ணீரில் சோப்பைத் தேய்த்து நுரை பார்த்த பிறகுதான் எடுத்துப்போவார். "நுரை கம்மியா கீதே, குழா தண்ணி கலந்தீங்களா?" என்று வீட்டுக்கு வீடு சண்டை வேறு.

என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று கரண்ட் போனது. மோட்டார் ஓடவில்லை. "தண்ணியில்லாம சாம்பார எப்டிங்க வெக்கறது?" என்று சமையல்காரர் கத்தினார். வாசலில் நிரம்பியிருந்த அவருடைய டிரம்மைக் காட்டினேன். சாம்பார் பிரமாதம். டிரம்காரரே இரண்டு தரம் கேட்டு வாங்கினார். கரண்ட் வந்ததும் காலி டிரம்மில் போர்த் தண்ணீரைப் பிடித்து மூடிவைத்தேன்.

அந்தமுறை மருந்தடித்தும் புழு அடங்கவில்லை. பாதிக் காய் சொத்தை. அவர் தெருவில் நின்று வானத்தைத் திட்டினார்.

"மழையிலயே கலப்படம் பண்றான் சார்! இனிமே புடிக்கமாட்டேன்."

டிரம்களை எல்லாம் கவிழ்த்துவிட்டார். தெருவுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. போய் உண்மையைச் சொன்னேன்.

"எல்லார் தண்ணியும் சோப்பு போட்டுப் பாத்தேன். வாத்தியார் வூட்டுதுன்னு உங்களுத மட்டும் பாக்கல சார்," என்றார். அன்றோடு என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

நானே ஒரு டிரம் வாங்கிக் குழாய்க்கடியில் வைத்தேன். ஐப்பசி முழுக்க நிரம்பி வழிந்தது. அவர் எட்டிப்பார்க்கவில்லை. குடத்தில் கொண்டுபோய் அவர் தோட்டத்து வரப்பில் வைத்தேன். வைத்தபடியே இருந்தது.

கார்த்திகையில் ஒரு மதியம், கொட்டும் மழையில் யாரோ கேட்டை உதைத்தார்கள்.

"இன்னா சார், டிரம்ம இப்டியா வெப்பாங்க? பாதி மழ சாக்கடைக்குப் போவுது! நவுருங்க!"

டிரம்மை இழுத்துச் சரிசெய்தபடியே என்னையும், என் டிரம்மையும், மாடி கட்டிய மேஸ்திரியையும் திட்டினார். "நனையாம உள்ள வாங்க," என்று என் மனைவி கூப்பிட்டாள்.

"இரு, இன்னும் திட்டி முடிக்கல," என்றேன்.