எங்காரேயில் மழை பெய்யவில்லை

ஏப்ரல் பிறந்து, மேரு மலையை மேகம் முழுசாக மூடி, தவளைகள் இரவு பகல் பாராமல் கத்திக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், எங்காரே வட்டார வனவிலங்குச் சுற்றுலா மேம்பாட்டு அலுவலகம் மழைக்காலத்தை ரத்து செய்து உத்தரவு போட்டது. உத்தரவு உடனடியாக அமலுக்கு வந்தது. சகல பிரிவுகளுக்கும் நகல் போனது. மழைக்கு மட்டும் அனுப்ப விட்டுப்போயிற்று.

அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது. மழை பிடித்தால் எங்காரேயில் நடப்பது காலங்காலமாக ஒன்றுதான். விடுதிக்காரர்கள் கூடாரத்தைச் சுருட்டுவார்கள். ஜீப்புகள் செங்கல்மேல் ஏறி உட்காரும். சமையல்காரன், டிரைவர், வாசலில் சல்யூட் அடிக்கிறவன் எல்லாரும் மக்காச்சோளமும் பீன்ஸும் விதைக்க ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் சிங்கத்தைப் பார்க்கவும் ஆள் கிடையாது, காட்டவும் ஆள் கிடையாது. இதற்கு "வளர்ச்சிக்கு ஒவ்வாத மனப்பான்மை" என்று அலுவலகம் பெயர் வைத்தது. இனிமேல் மழைக்காலத்தின் பெயர் பச்சைப் பருவம். பச்சைப் பருவத்தில் மழை இல்லை.

உத்தரவைப் படித்ததும் விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தான் நாஃப்தாலி. அவன் உதவிப் பயண அலுவலர். மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. போன வருஷம் ஏதோ மாநாடு என்று பிடித்து வைத்துக்கொண்டதில் விதைப்புக்குத் தாமதமாகப் போனான். கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை நின்று, பயிர் நின்ற நிலையிலேயே கருகிவிட்டது. அப்புறம் வருஷம் பூராவும் அவன் மனைவி நாசேரியன் கடை மாவு வாங்கித்தான் உகாலிக் களி கிண்டினாள். சொந்த நிலத்தை வைத்துக்கொண்டு கடை மாவு வாங்குவதைவிடக் கேவலம் அந்த ஊரில் வேறு கிடையாது. பையைத் துணிக்குள் மறைத்து, சந்து பொந்தெல்லாம் சுற்றித்தான் வீட்டுக்கு வருவாள் பாவம். இந்த வருஷமும் விதைப்பு தவறினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ஜாதி.

நாஃப்தாலி விடுப்பு விண்ணப்பத்தோடு இயக்குநர் டாக்டர் ருவேகசீராவின் அறைக்குப் போனான். டாக்டர் பெல்ஜியத்தில் படித்தவர். அதை மூன்று வாக்கியத்துக்குமேல் அடக்கி வைக்க அவரால் முடியாது.

"விதைப்பு விடுப்பா? எதுக்கு?" என்றார். தகரக் கூரைமேல் அடித்த சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மழை பிடிச்சிருச்சு டாக்டர். இந்த வாரமே விதைச்சாகணும்."

"என்ன பிடிச்சிருச்சு?"

நாஃப்தாலி நாக்கைக் கடித்துக்கொண்டான். "பச்சைப் பருவம் பிடிச்சிருச்சு டாக்டர்."

"அப்படிச் சொல்லுங்க. பச்சைப் பருவத்துல மழை உண்டா?"

"இல்லீங்க."

"மழை இல்லாம எவனாவது விதைப்பானா? விதை பாழாயிராது? ஒரு ஏழை விவசாயியோட விதை வீணாகறதுக்கு நான் கையெழுத்துப் போடுவேனா சொல்லுங்க. பெல்ஜியத்துல எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கல." கூரையிலிருந்து ஒரு சொட்டு வழுக்கையில் விழுந்தது. டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு செய்யுங்க. வியாழக்கிழமை நார்வேயிலருந்து இங்கெபோர்க்னு ஒரு அம்மா வராங்க. பெரிய பயண ஏற்பாட்டாளர். அவங்களுக்குப் பச்சைப் பருவம் பிடிச்சுப்போச்சுன்னா வருஷாவருஷம் கூட்டம் கூட்டமா ஆள் அனுப்புவாங்க. சமவெளியைச் சுத்திக் காட்டி, மறுநாளே கூட்டிட்டு வந்துருங்க. குடும்ப மகிழ்ச்சின்னு எதையாவது எழுதி லீவு தரேன்."

மறுநாளே வந்துவிட்டால் சனிக்கிழமை விதைத்துவிடலாம். நாஃப்தாலி ஏற்பாட்டில் இறங்கினான்.

கிடங்குக்காரனிடம் மண்வெட்டியும் கயிறும் கேட்டான்.

"மண்வெட்டி எதுக்கு சார்?"

"வண்டி மாட்டிக்கிட்டா?"

"எதுல மாட்டும்?"

சேற்றில் என்று சொன்னால் சேறு எப்படி வந்தது என்பான். மழையால் என்றால் உத்தரவைக் காட்டுவான். கடைசியில் வெயிலுக்கு என்று எழுதிக் கொடுத்து ஒரு குடை மட்டும் வாங்க முடிந்தது.

இங்கெபோர்க் அம்மாள் உயரமான, சிரித்த முகமுள்ள மனுஷி. ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டாள். "எங்க ஊர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் மழைதான் தம்பி. அதுலருந்து தப்பிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

டிரைவர் எலிபரிக்கி வைப்பரை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நாஃப்தாலியைப் பார்த்தான். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இது என்ன?" என்று அம்மாள் கேட்டாள்.

"வானத்தின் வரவேற்பும்மா," என்றான் நாஃப்தாலி. அலுவலகப் பட்டியலில் அங்கீகரிக்கப்பட்ட சொல் அதுதான்.

"ரொம்பப் பலமா வரவேற்கறீங்க," என்றாள்.

உள்ளூர் மொழியில் தண்ணீர் என்றே பெயருள்ள எங்காரே சமவெளி அன்றைக்குத் தரையிலும் தண்ணீராகவே இருந்தது. சிங்கத்துக்கும் கால் நனைந்தால் பிடிக்காது. ஒரு சிங்கக் குடும்பம், மேடாக இருந்த சாலையின் நடுவில் வரிசையாகக் குந்தியிருந்தது. எலிபரிக்கி ஹாரன் அடித்தான். பெரிய சிங்கம் கொட்டாவி விட்டது.

"சுத்திப் போயிரட்டுமாண்ணே?"

"கரிசல் மண்ணுடா. உள்ள இறங்கினா அவ்வளவுதான்."

"கரிசல்னு சொல்லாதீங்கண்ணே. மென்தரைன்னுல்ல பட்டியல்ல இருக்கு," என்று சொல்லிக்கொண்டே எலிபரிக்கி இறக்கினான். பத்தடி போவதற்குள் ஜீப் அச்சுவரை அமுங்கியது. சிங்கங்கள் தலையைத் திருப்பிப் பரிதாபமாகப் பார்த்தன.

நாஃப்தாலி வயர்லெஸ்ஸில் அலுவலகத்தைக் கூப்பிட்டான். "கண்ட்ரோல், வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. டிராக்டர் அனுப்புங்க."

"அந்த வார்த்தையை நான் பதிய முடியாதுங்க," என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். "வேற மாதிரி சொல்லுங்க."

"வண்டி மென்தரையில நிக்குது. நகர மாட்டேங்குது."

"நகர மாட்டேங்குதுன்னா எதிர்மறையா இருக்கே. நல்ல விதமா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நாஃப்தாலி யோசித்தான். "இந்த இடத்தை விட்டுப் போக எங்களுக்கு மனசு வரல. அதுக்கு உடனே டிராக்டர் அனுப்புங்க."

"மனசு வரலைன்னா டிராக்டர் எதுக்கு? பாராட்டுதான் அனுப்பணும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொன்னபடியே பாராட்டு வந்தது. டாக்டர் ருவேகசீராவே நேரில் கொண்டுவந்தார். போட்டோ பிடிக்க ஒரு ஆள், ஒரு பூங்கொத்து, சட்டம் போட்ட சான்றிதழ் என்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து சேர்ந்ததில் சிங்கங்கள் வெறுத்துப்போய் எழுந்து போயின. விருந்தாளிக்குக் கைகொடுக்க டாக்டர் வண்டியைப் பக்கத்தில் விடச் சொன்னார். பக்கத்தில் வந்த வண்டி பக்கத்திலேயே அமுங்கியது.

"டாக்டர், நீங்களும் மாட்டிக்கிட்டீங்க," என்றான் நாஃப்தாலி.

"மாட்டிக்கல. தங்கியிருக்கோம்," என்றார் டாக்டர். அவரே வயர்லெஸ்ஸை வாங்கி, மகிழ்ச்சி அளவு கடந்துவிட்டது என்று தெரிவித்தார். உடனே அலுவலகம் அண்டாவில் புலாவோடு மூன்றாவது வண்டியை அனுப்பியது. அதுவும் தங்கியது. எலிபரிக்கி மட்டும் புலாவை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, இப்படியே தங்கினால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான்.

சாயங்காலம் சமவெளியோரத்து விவசாயி பாஸ்கலி ஏர் மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தான். நாஃப்தாலிக்கு உயிர் வந்தது.

"அண்ணே, மாட்டைப் பூட்டி இந்த வண்டிங்களை இழுத்து விடுங்கண்ணே."

பாஸ்கலி மூன்று வண்டிகளையும் ஏற இறங்கப் பார்த்தான். "இந்த மழையில இதுக்குள்ள எவன்யா வண்டியை விட்டான்?"

"மழை இல்ல," என்றார் டாக்டர்.

பாஸ்கலி மேலே பார்த்தான். முகத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தான். "சரி, இல்லாமலே இருக்கட்டும். விதைப்பு முடியாம மாட்டை வேற வேலைக்குத் தர மாட்டேன். ஞாயித்துக்கிழமை வாங்க."

"ஞாயிறா? நான் சனிக்கிழமை என் நிலத்துல இருக்கணும்யா," என்று நாஃப்தாலி கெஞ்சினான்.

"அப்ப இறங்கி வந்து கை குடுங்க. சீக்கிரம் முடியும்."

மறுநாள் எல்லாரும் பாஸ்கலியின் நிலத்தில் இறங்கினார்கள். டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு விதை தூவினார். அவர் தூவின இடத்தையெல்லாம் பாஸ்கலியின் மனைவி பின்னாலேயே வந்து திரும்பத் தூவினாள். நாஃப்தாலி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தான். ஈர மண் வாசனை வரவர அவனுக்கு அழுகையே வந்தது. இவ்வளவு ஒழுங்காகத் தன் நிலத்தில்கூட அவன் விதைத்ததில்லை. அப்படியும் வண்டிகள் வெளியே வந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை கிளம்பினால் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

இங்கெபோர்க் அம்மாள் முழங்கால்வரை சேற்றோடு நின்றுகொண்டு, "இவ்வளவு நாளா ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

"எதை?" என்றார் டாக்டர் நடுங்கிப்போய்.

"உங்க மழையை. வெதுவெதுன்னு இருக்கே. எங்க ஊர்ல மழைன்னா எலும்பு வரைக்கும் குளிரும். இந்த மழைக்காகவே ஆள் அனுப்பறேன். பயணத் திட்டத்துல விதைப்பையும் சேத்துருங்க."

திங்கட்கிழமை காலை மழை மறுபடி அமலுக்கு வந்தது. அது இப்போது வட்டாரத்தின் தலையாய ஈர்ப்பு. பச்சைப் பருவம்தான் இனி உச்சப் பருவம். உச்சப் பருவத்தில் ஊழியர் எவருக்கும் விடுப்பு இல்லை என்பது பழைய விதி. அதை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. சிறப்பான சேவைக்காக நாஃப்தாலிக்கு அன்றே பதவி உயர்வு கிடைத்தது. மழை வரவேற்பு அலுவலர். தனி அறை, தனிச் சொட்டு, அதற்கு ஒரு தனி வாளி. விடுப்பு விண்ணப்பங்களை முடிவு செய்யும் அதிகாரமும் அவனுக்கே.

மேஜைமேல் முதல் விண்ணப்பம் எலிபரிக்கியுடையது. விதைப்புக்கு விடுப்பு கேட்டிருந்தான். நாஃப்தாலிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அதிகாரம் கிடைத்த முதல் நாளே விதியை மீறினால் நன்றாக இருக்காதே. "மழை இருப்பதால் விடுப்பு இல்லை" என்று எழுதினான்.

"ஏண்ணே, போன வாரம் மழை இல்லாததால இல்லைன்னாங்க," என்றான் எலிபரிக்கி.

"அது பழைய நிர்வாகம்டா."

அதற்கு அடியில் இன்னொரு விண்ணப்பம் இருந்தது. போன வாரம் நாஃப்தாலியே கொடுத்தது. நாஃப்தாலி அதை எடுத்து முழுசாகப் படித்தான். நியாயமான காரணம்தான், எழுத்தும் அழகாக இருந்தது. எலிபரிக்கி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமா? நாஃப்தாலி பேனாவைத் திறந்து நிராகரித்தான். பொறுப்பான பதவியில் உள்ளவர் இப்படிக் கேட்பது வருந்தத்தக்கது என்று கீழே ஒரு கண்டனமும் சேர்த்தான்.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தான்.

"கிளம்பிட்டீங்களா?" என்றாள் நாசேரியன். "விதையை எடுத்து வெளிய வச்சிருக்கேன். பக்கத்துல எல்லாரும் விதைச்சாச்சு."

"லீவு கிடைக்கல புள்ள."

"யாரு குடுக்கலைன்னது? அந்த டாக்டரா?"

"இல்ல. புதுசா ஒரு அதிகாரி வந்திருக்கான்."

"கல்லு மனசுக்காரன்." நாசேரியன் மூச்சு வாங்கினாள். அவள் யாரையும் சபித்து நாஃப்தாலி கேட்டதில்லை. "அவன் வீட்டு உலையில சொந்த மாவு விழாம போக. அவன் பொண்டாட்டி அவனை விட்டுட்டு ஆத்தா வீட்டுக்குப் போக."

நாஃப்தாலி போனை வைத்தான். வாளி நிறைந்து வழிந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாசேரியன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.